எடைக்கு வந்தவர்கள்

பீடோர் பழைய பேப்பர்க் கடைக்கு
சுங்கை கெலாடி தோட்டத்து ஆபீஸ்
இரண்டு லாரியில் வந்து இறங்கியது.
செக்ரோல், பால் கணக்கு, மருந்துச் சீட்டு,
கரையான் முக்கால்வாசி படித்து முடித்த கடிதங்கள்.
கிலோ இருபத்தைந்து காசு.
தராசு என் பொறுப்பு.

மூன்றாம் கட்டுக்குள்
தோல் அட்டை போட்டு ஒன்று.
திறந்தால் குதிரைகள்.

பெயர், நிறம், பிறந்த நாள், தாய்.
தாயின் தாய். அவளுக்கும் தாய்.
ஹார்கிரீவ் துரையின் எழுத்து
நிரை பிடித்து நட்ட ரப்பர் கன்று:
வஹீபா, சாம்பல், நான்கு காலும் வெள்ளை.
அவள் மகள் ஸமீரா, செம்பழுப்பு,
ஈப்போ பந்தயத்தில் இரண்டு தரம் முந்தியவள்.
அவள் மகள் ஸஃபியா.

அரபுக் குதிரைக்குத் தாய்வழியில்தான் குலமாம்.
எந்தப் பெட்டை எவள் வயிறு என்று
பாலைவனக் கூடாரத்தில் இருந்தவர்கள்
வாயாலேயே சொல்லிக் காப்பாற்றினார்களாம்.
முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறான்,
சொந்த அத்தை வீட்டுச் சமாச்சாரம் மாதிரி.
ஏழு தலைமுறை மேலே ஏறினால்
ஒரே வரி:
பம்பாய். அதற்கு முன் கப்பல்.

ஓரமெல்லாம் பென்சில் தமிழ்.
லாயத்து ஆள் எவனோ. பெயர் போடவில்லை.

*நெத்தியில ரெட்டச் சுழி. ஆவாதும்பாங்க. இவ நல்லவ.*

*மழ நாள்ல முன்னங்கால் தாங்குறா. தொரைக்குச் சொல்லல.*

*ராத்திரி ரெண்டு மணிக்கு ஸமீரா ஈன்டா. பெட்ட. நான் மட்டும்தான் இருந்தேன்.*

ஸஃபியா பிறந்தது ஏப்ரல் பதினேழு.
எதிர்க்கடை சிங்காரவேலு அண்ணன்
பூஜ்யம் நாலு பதினேழு என்று
நாலு நம்பரில் கட்டினார்.
ஆறுதல் பரிசு.
அதிலிருந்து தினமும் வந்து நிற்கிறார்,
"வேற எதாச்சும் குட்டி போட்டிருக்காம்மா?"

கடைசிப் பக்கத்தில் நாற்பத்தொன்று, டிசம்பர்.
துரையின் கை முதல்முறையாகக் கோணியிருக்கிறது:
ஸஃபியா, சுட்டுவிடவும்.
கீழே பென்சில்.

*தொரை சிங்கப்பூருக்குப் போயாச்சு. துப்பாக்கி எங்கிட்ட.
அவுத்து விட்டேன்.
கொஞ்ச தூரம் போய் நின்னா. கல்லெடுத்து எறிஞ்சேன்.
அப்புறம்தான் போனா.*

இந்த இடத்தில்
லாரிக்காரன் ஹார்ன் அடித்தான்.
நான் எழுந்திருக்கவில்லை.

என் அட்டை சிவப்பு.
பிறந்தது இங்கே, தாப்பா ஆஸ்பத்திரியில்.
அம்மா பிறந்தது பதினான்காம் நம்பர் லயத்தில்,
அதற்குத்தான் அத்தாட்சி இல்லை.
பதிவிலாகாவில் நான்கு முறை
அதே கண்ணாடித் தடுப்பு, அதே பெண்,
"உங்கள் அம்மாவுக்கு ஏதாவது காகிதம்?"

அதே இரண்டு லாரிக்குள்
ஐம்பத்தெட்டாம் வருஷத்துச் செக்ரோலும் இருந்தது.
பிரித்ததும் மடியில் பொடியாகக் கொட்டியது.
ஒரு ஓரம் மட்டும் மிச்சம்:
318, பால் வெட்டு, இரண்டு நாள் ஆப்சென்ட்.
ஆள் யாரென்று கரையானுக்குத் தெரியும்.

குதிரைப் புத்தகத்தில்
பின்னால் பதினோரு பக்கம் வெறுமை.
பென்சிலைச் சீவிக்கொண்டேன்.

*அலமேலு. மாநிறம். இடது புருவத்தில் வெட்டு.
பிறந்த மாசம் தெரியாது, மழைக்காலம்.
தாய்: அங்கம்மா. பல் நீளம், சிரிப்பு சத்தம்.
தாயின் தாய்: காவேரி.
அதற்கு முன் கப்பல்.
மகள்: நான்.*

சுழி எதையும் குறிக்கவில்லை.

சாயங்காலம் ஆ செங் கணக்குப் பார்த்தான்.
ஒரு கிலோ இருநூறு கிராம் குறைகிறது என்றான்.
கொண்டு வந்தபோது ஈரமாக இருந்தது,
காய்ந்திருக்கும் என்றேன்.
என் பையைப் பார்த்தான்.
விசிறியை நிறுத்திவிட்டு
கதவைப் பூட்டப் போனான்.